முதல் தீசிஸ், முதல் கட்டுரை: அடுத்தவர் எழுத்தில் கை வைக்காமல் எழுதுவது எப்படி?

சிமிலாரிட்டி ரிப்போர்ட்டை, அதாவது நம் எழுத்து ஏற்கெனவே வந்தவற்றோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் அறிக்கையை, கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வரும் இளம் மருத்துவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், 38 சதவீதம் காட்டுது. 10-க்குக் கீழ கொண்டு வரணும். என்ன பண்ணலாம்?" நாளை மறுநாள் தீசிஸ் கொடுத்தாக வேண்டும், முகத்தில் தூக்கமில்லை, அந்த நேரத்தில் பாடம் எடுத்துப் பயனில்லை என்பதால் முடிந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் அந்த 38 அன்றைக்கு வந்தது இல்லை. பல மாதங்களுக்கு முன்னால், முதல் கட்டுரையைத் திறந்து அதிலிருந்து ஒரு பத்தியை அப்படியே வேர்ட் கோப்பில் ஒட்டினார்களே, அந்த மாலையிலேயே அது தொடங்கிவிட்டது. இன்னும் அந்த மாலைக்கு வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதுநிலைப் படிப்பில் சேர்ந்து தீசிஸ் தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்கள், மருத்துவக் கல்லூரியில் புதிதாக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து முதல் கட்டுரை எழுதப்போகிறவர்கள், இவர்கள்தான் என் வாசகர்கள்.

நம் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பயிற்சி என்பது பெரும்பகுதி, இருப்பதை இருப்பது போலவே திரும்பச் செய்யும் பயிற்சி. மருந்தின் அளவை யாரும் சொந்த நடையில் எழுத மாட்டார்கள், எழுதவும் கூடாது. ஆபரேஷன் நோட்ஸுக்கு ஒரு வடிவம் உண்டு, டிஸ்சார்ஜ் சம்மரிக்கு டெம்ப்ளேட் உண்டு, நேற்றைய வார்டு குறிப்பைக் காப்பி செய்து இரண்டு எண்களை மட்டும் மாற்றி இன்றைய குறிப்பாக்குவதைக்கூடப் பல இடங்களில் யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்படிப் பல வருடம் பழகிய கையிடம் திடீரென்று 'உன் வாக்கியத்தில் எழுது' என்றால் அது திகைக்கத்தான் செய்யும். அதனால் காப்பி அடித்த மருத்துவர்கள் எல்லோரும் மோசமானவர்கள் என்று நான் நினைப்பதில்லை. பெரும்பாலோருக்கு அது தவறு என்றே உறைப்பதில்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

முதலில் உங்கள் மனதைப் பரிசோதியுங்கள்

குரோவேஷியாவில் ரியேகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். கருத்துத் திருட்டைப் பற்றி ஒருவரின் மனப்போக்கு எப்படி இருக்கிறது என்று அளப்பதற்கான கருவி அது. 29 கூற்றுகள், மூன்று பிரிவுகள். முதல் பிரிவு திருட்டை நியாயப்படுத்தும் மனப்போக்கைப் பார்க்கிறது, இரண்டாவது அதை எதிர்க்கும் மனப்போக்கை, மூன்றாவது 'சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், இங்கே எது சாதாரணம்' என்ற எண்ணத்தை. அதற்குப் பிறகு பல நாடுகளில் மருத்துவ ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் இந்தக் கேள்வித்தாளைக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். நீங்கள் ஆய்வு எதுவும் செய்ய வேண்டாம், அதில் வரும் சில எண்ணங்களை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். ஒரு செய்முறை மாறவே இல்லை என்றால், அதைப் பற்றி முன்பு எழுதியதையே எடுத்துப் போடுவதில் என்ன தப்பு? ஆங்கிலம் சரியாக வராதவர், ஏற்கெனவே வந்த கட்டுரையிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்கொண்டால் மன்னிக்கலாம்தானே? நான் எழுதியதை நானே மறுபடி போட்டால் அது எப்படித் திருட்டாகும்? கெடு நெருங்கிவிட்டது, கொஞ்சமாக எடுத்துக்கொண்டால்தான் என்ன?

இவற்றில் ஒன்றிரண்டுக்காவது மனம் 'ஆமாம்' என்று தலையாட்டியிருக்கும். எனக்கும் ஆட்டியது. அந்த ஒன்றிரண்டு எவை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் தடுக்கி விழப்போகும் இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆங்கிலம் பற்றிய சாக்குக்கு மட்டும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் கேட்பது அதைத்தான். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் நீங்களே எழுதிய பத்தியை ஒரு நண்பர் அரை மணி நேரத்தில் திருத்திவிட முடியும். அழகான ஆங்கிலத்தில் வேறொருவர் எழுதிய பத்தியை உங்களுடையதாக்க யாராலும் முடியாது. அதுமட்டுமில்லை, தடுமாறும் ஆறு வாக்கியங்களுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு ஓடும் ஒரு வாக்கியம் வந்தால், மென்பொருளே தேவையில்லை, படிக்கிறவருக்கே தெரிந்துவிடும்.

எது திருட்டு என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

அமெரிக்க அரசு 2000-ல் ஆராய்ச்சி முறைகேட்டுக்கு ஒரு வரையறை கொண்டுவந்தது. இல்லாத தரவை உருவாக்குவது, இருக்கும் தரவைத் திரிப்பது, கருத்துத் திருட்டு என்று மூன்று. அதில் திருட்டு என்பது, உரியவருக்கு உரிய பெயர் கொடுக்காமல் அவருடைய கருத்தையோ, செய்முறையையோ, முடிவுகளையோ, சொற்களையோ எடுத்துக்கொள்வது. சொற்கள் அந்த நான்கில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நாம் பேசுவதெல்லாம் சொற்களைப் பற்றி மட்டுமே, ஏனென்றால் மென்பொருள் எளிதில் பிடிப்பது அதைத்தான். ஒரு கருத்தரங்கில் யாரோ சொன்ன யோசனையை எடுத்து உங்கள் ப்ரோட்டகாலாக, அதாவது ஆய்வுத் திட்டமாக, மாற்றினால் சிமிலாரிட்டி பூஜ்யம் காட்டும். அப்போதும் அது திருட்டுதான். வேற்று மொழியில் வந்த கட்டுரையை மொழிபெயர்த்துப் போடுவதும் அப்படியே. எக்ஸ்ரே படம், வரைபடம், அட்டவணை எல்லாமே இதில் அடக்கம். நேர்மையாக நடந்த பிழையையும், கருத்து வேறுபாட்டையும் அந்த வரையறை முறைகேடாகக் கருதுவதில்லை.

கேள்வியை வார்டிலிருந்து எடுங்கள்

பழைய தீசிஸ்கள் இருக்கும் அலமாரிக்குப் போய் ஒரு தலைப்பை எடுத்து, வருடத்தையும் மருத்துவமனையையும் மாற்றிக்கொள்வதுதான் பலருக்குத் தொடக்கம். அங்கே தொடங்கினால் பிறகு எல்லாமே அந்தத் தீசிஸிலிருந்துதான் வரும், அறிமுகம், சாம்பிள் சைஸ் கணக்கு, ரெஃபரன்ஸ் பட்டியல், கடைசியில் டிஸ்கஷன் கூட. அதைவிட, ஒரு மாதம் வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது 'இது ஏன் இப்படி நடக்கிறது' என்று தோன்றுவதையெல்லாம் சட்டைப்பை நோட்டில் எழுதி வாருங்கள். அவற்றில் ஒன்று உங்கள் தலைப்பாகலாம். கேள்வி உங்களுடையதாக இருந்தால், அதைப் பற்றி எழுத உங்களிடமே வாக்கியங்கள் இருக்கும்.

அதற்காக, ஏற்கெனவே நடந்த ஆய்வைத் திரும்பச் செய்யவே கூடாது என்று இல்லை. ஒருவர் கண்டதை இன்னொரு இடத்தில் சரிபார்ப்பது அறிவியலுக்கு ரொம்பத் தேவையான வேலை. 'இன்ன ஆய்வை நாங்கள் எங்கள் நோயாளிகளிடம் மறுபடி செய்து பார்க்கிறோம்' என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அவ்வளவுதான். அதை மறைத்தால்தான் சிக்கல்.

குறிப்பெடுப்பது, இங்கேதான் எல்லாம் இருக்கிறது

மற்ற பகுதிகளை வேகமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

பெரும்பாலோர் செய்வது இது. பத்துக் கட்டுரைகளைத் திறக்கிறோம், நல்லதாகப் படும் வரிகளைக் காப்பி செய்து ஒரே கோப்பில் ஒட்டுகிறோம், 'அப்புறம் மாத்தி எழுதிக்கலாம்' என்று நினைக்கிறோம். நடுவில் டியூட்டி, பரீட்சை, வீட்டில் ஒரு விசேஷம். மூன்று மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது எது அவர்கள் வரி, எது நம் வரி என்றே தெரியாது. சில வரிகளைப் பார்த்து 'பரவாயில்லையே, நல்லா எழுதியிருக்கேனே' என்றுகூடத் தோன்றும். நான் பார்த்த திருட்டுகளில் திட்டமிட்டுச் செய்தவை சிலதான், மீதியெல்லாம் இந்தக் கோப்பிலிருந்து வந்தவை.

ஆகவே, எழுதப்போகும் கோப்பில் எதையும் ஒட்டாதீர்கள், ஒரு வரிகூட. குறிப்புகளுக்குத் தனிக் கோப்பு. ஒவ்வொரு கட்டுரைக்கும் அதில் ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், டிஓஐ எண் (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கும் அடையாள எண்). அப்படியே எடுக்கும் வரி என்றால் மேற்கோள் குறிக்குள், வேறு நிறத்தில், பக்க எண்ணோடு. உங்கள் எண்ணம் என்றால் கறுப்பில். இந்த நிற வேறுபாடு சின்னப் பிள்ளைகள் வேலை போலத் தோன்றும், ஆனால் மூன்று மாதம் கழித்து உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான். ஜோட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் என்று ஏதாவது ஒரு ரெஃபரன்ஸ் மென்பொருளை முதல் நாளிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஜோட்டெரோவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கடைசி வாரத்தில் உட்கார்ந்து எண்பது ரெஃபரன்ஸைக் கையால் வரிசைப்படுத்தும்போது நடக்கும் குளறுபடிகள் எழுதி மாளாது.

அடுத்து, மூடிவிட்டு எழுதுவது. ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும் அதை மூடுங்கள். திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். பிறகு, ரவுண்ட்ஸில் பக்கத்தில் நிற்கும் ஜூனியருக்குச் சொல்வது போல, மூன்று நான்கு வரியில் எழுதுங்கள்: இவர்கள் யாரைப் பார்த்தார்கள், எதை அளந்தார்கள், என்ன கிடைத்தது, எனக்கு அதில் எது நம்பும்படி இல்லை. எழுத வரவில்லையா, அப்படியென்றால் கட்டுரை புரியவில்லை என்று பொருள், மறுபடி படிக்க வேண்டும். எழுதிய பிறகு திறந்து எண்களை மட்டும் சரிபாருங்கள்.

ஒட்டு வேலைக்கும் சொந்த எழுத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஓர் உதாரணம் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நானே எழுதிய வரிகள்தான் இவை. மூல வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'அறுவை சிகிச்சைக்கு முன் அதிகப் பதற்றத்தில் இருக்கும் நோயாளிகளுக்கு, சிகிச்சைக்குப் பிந்தைய முதல் நாளில் வலி நிவாரணிகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.' இதை, 'ஆபரேஷனுக்கு முன்பு மிகுந்த பதற்றம் கொண்ட நோயாளிகளுக்கு, ஆபரேஷனுக்குப் பின்வரும் முதல் நாளில் வலி மருந்துகள் அதிகம் தேவைப்படுகின்றன' என்று மாற்றினால் சொற்கள் மாறின, எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. கீழே ரெஃபரன்ஸ் போட்டாலும் இது ஒட்டு வேலைதான். இப்போது இதைப் பாருங்கள்: 'பதற்றத்துக்கும் வலி மருந்துத் தேவைக்கும் தொடர்பு இருப்பதாக இந்த ஆய்வு காட்டினாலும், அவர்கள் முதல் 24 மணி நேரத்தை மட்டுமே அளந்தார்கள், எங்கள் நோயாளிகள் வலி என்று அதிகம் சொல்வது இரண்டாம் நாளில் என்பதால் 48 மணி நேரம் வரை தொடர்ந்து அளந்தோம்.' இங்கே எழுதுகிறவர் படித்திருக்கிறார், யோசித்திருக்கிறார், தன் ஆய்வு எங்கே நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார். இந்த வரியை வேறு எந்தத் தீசிஸிலிருந்தும் எடுக்க முடியாது, ஏனென்றால் வேறு எங்கும் இது இருக்காது.

ரெவ்யூ ஆஃப் லிட்டரேச்சர் பகுதியில்தான் இது மிக அதிகமாகத் தேவைப்படும். 'இன்னார் இன்ன ஆண்டில் இத்தனை பேரிடம் ஆய்வு செய்தார்' என்று ஆளுக்கொரு பத்தியாக அடுக்கினால் நீங்கள் அறியாமலேயே அவர்களுடைய அப்ஸ்ட்ராக்ட்டைத்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஆளை வைத்து அடுக்காமல் கேள்வியை வைத்து அடுக்குங்கள். இந்தக் கேள்விக்கு ஆம் என்றவர்கள் யார், இல்லை என்றவர்கள் யார், ஏன் இரண்டு விதமாக வந்திருக்கும். அப்படி எழுதும்போது காப்பி அடிக்க வழியே இருக்காது.

படிக்காததை மேற்கோள் காட்டாதீர்கள்

என் தீசிஸில் ஒரு வரி இருந்தது. சீனியர் ஒருவருடைய தீசிஸிலிருந்து வரியையும் ரெஃபரன்ஸையும் சேர்த்தே எடுத்தேன், மூலக் கட்டுரையைத் தேடவில்லை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் அந்த வரியைத் தொட்டு, "இதைப் படிச்சீங்களா?" என்று கேட்டார். படித்தேன் என்று சொல்லிவிட்டேன். "அது குழந்தைகள்ல செஞ்ச ஸ்டடி, உங்க ஸ்டடி பெரியவங்களைப் பத்தினது, எப்படிப் பொருந்தும்?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. வரியைத் திருடியதோடு ஒரு பொய்யும் சொன்னேன், இத்தனை வருடம் கழித்தும் அந்த அறையை நினைத்தால் வலிக்கிறது.

இது என்னோடு முடிகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேருக்கு மட்டுமே அடிமைத்தனம் தெளிவாகப் பதிவாகியிருந்தது என்றது அந்தக் கடிதம். உள்நோயாளிகளைப் பற்றிய பேச்சு அது, வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 2017-ல் அதே இதழில் வந்த ஓர் அலசல், அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. 72 சதவீதம், அடிமைத்தனம் அபூர்வம் என்பதற்குச் சான்றாக அதைக் காட்டியிருந்தன. அவர்கள் உள்நோயாளிகள் என்பதை 80 சதவீதத்துக்கும் மேலானவை சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் ஓபியாய்டு நெருக்கடி வளர்ந்ததில் இப்படிச் சரிபார்க்காமல் கைமாறிய மேற்கோளுக்கும் பங்கு உண்டு என்று அந்த அலசலை எழுதியவர்கள் கருதினார்கள். அத்தனை பேரில் எத்தனை பேர் ஐந்து வாக்கியங்களைத் திறந்து படித்திருப்பார்கள்?

ஆகவே ரெஃபரன்ஸ் பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் உங்கள் கண் பட்டதாக இருக்க வேண்டும். முழுக் கட்டுரை கிடைக்கவில்லை என்றால் எழுதிய ஆசிரியருக்கே மெயில் போட்டுக் கேளுங்கள், பலர் அனுப்பிவிடுவார்கள். எப்படியும் கிடைக்கவில்லையென்றால் 'இன்னாரை மேற்கோள் காட்டி இன்னார் சொல்வது' என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

மெத்தட்ஸ், பழைய கட்டுரைகள், கேள்வித்தாள்கள்

மெத்தட்ஸ் பகுதியில் சொற்கள் ஒத்துப்போவதைத் தவிர்க்க முடியாது, இரத்த அழுத்தம் அளப்பதை எத்தனை விதமாக எழுத முடியும்? இதழாசிரியர்களும் இங்கே கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். நல்ல வழி, 'முன்பு இன்னார் விவரித்த முறையில் செய்தோம்' என்று மூலத்தைக் காட்டிவிட்டு, நீங்கள் மாற்றியதை மட்டும் விரிவாக எழுதுவது. உங்கள் சொந்தப் பழைய கட்டுரைக்கும் இதே விதி. ஒரே தரவை மூன்று துண்டாக வெட்டி மூன்று இதழ்களுக்கு அனுப்புவது இதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் பின்னால் யாராவது எல்லா ஆய்வுகளையும் தொகுத்துக் கணக்குப் போடும்போது அதே நோயாளிகள் மூன்று முறை எண்ணப்படுவார்கள்.

கேள்வித்தாள்களும் ஸ்கேல்களும் புதியவர்கள் கவனிக்கவே கவனிக்காத இடம். இணையத்தில் கிடைக்கிறது என்பதால் எல்லாம் பொதுச் சொத்து ஆகிவிடாது. ஞாபகத் திறனைச் சோதிக்கும் எம்எம்எஸ்இ 1975-ல் வெளிவந்து நீண்ட காலம் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்திய கருவி. பின்னாளில் அதன் உரிமையை ஒரு நிறுவனம் நடைமுறைப்படுத்தத் தொடங்கி, இப்போது அனுமதியும் கட்டணமும் வேண்டும். ஆகவே எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்கும் முன்பே உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, பதில் மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். தரவெல்லாம் சேகரித்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிமிலாரிட்டி ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

அந்த எண்ணை ஈஎஸ்ஆர் என்ற இரத்தப் பரிசோதனை போல எடுத்துக்கொள்ளுங்கள். கூடியிருந்தால் எங்கோ ஏதோ இருக்கலாம் என்கிறது, என்ன நோய் என்று சொல்லாது. டர்னிட்டின், ஐதெண்டிகேட் போன்ற மென்பொருள்கள் ஒத்த சொற்களைக் காட்டுமே தவிர, திருட்டு என்று தீர்ப்பு சொல்வதில்லை. 30 சதவீதத்தில் பாதி, ரெஃபரன்ஸ் பட்டியலும் நிறுவனப் பெயர்களும் ஒப்புதல் படிவமுமாக இருக்கலாம். 8 சதவீதம் முழுக்க ஒரே கட்டுரையின் டிஸ்கஷனாக இருக்கலாம், அப்படியென்றால் 30-ஐ விட அந்த 8 மோசம். ஆகவே முதலில் பிப்ளியோகிராபியையும் மேற்கோள்களையும் விலக்கிவிட்டு ரிப்போர்ட் எடுங்கள். பிறகு மொத்த எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு மூலத்திலிருந்தும் எவ்வளவு வந்திருக்கிறது, எந்தப் பகுதியில் வந்திருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். உங்கள் நிறுவனமோ இதழோ எந்த வரம்பு வைத்திருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்மொழியாகக் கேட்டதை நம்ப வேண்டாம். இன்னொன்று, டிராஃப்டைச் சோதிக்கும்போது அதை மென்பொருளின் சேமிப்பில் சேர்க்காத தெரிவைத் தேர்ந்தெடுங்கள். சேர்ந்துவிட்டால் இறுதி வடிவம் உங்கள் டிராஃப்டோடேயே ஒத்துப்போய் நூறை நெருங்கும், அதைக் காப்பகத்திலிருந்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எண்ணைக் குறைக்க ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்து தரும் மென்பொருள்கள் வேறு வந்துவிட்டன. 2021-ல் மூன்று ஆய்வாளர்கள் இப்படிச் சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்களைக் கட்டுரைகளிலிருந்து சேகரித்து வெளியிட்டார்கள். 'ஆர்டிஃபிஷியல் இண்டெலிஜென்ஸ்' என்பது 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) ஆகியிருந்தது. 'ப்ரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூசம் பெரில்' (மார்பு ஆபத்து) ஆன கட்டுரைகளும் பின்னர் பிடிபட்டிருக்கின்றன. மார்பகப் புற்றுநோயைப் பற்றி எழுதும் மருத்துவர் அந்த நோயின் பெயரையே தொலைத்துவிட்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். எண் குறைந்திருக்கும்தான்.

ஏஐ கருவிகளுக்கும் இங்கேயே வந்துவிடுகிறேன். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜேஇ 2023-ல் சொன்னது இரண்டு: ஏஐ ஆசிரியராக இருக்க முடியாது, பயன்படுத்தியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மொழியைத் திருத்த உதவி கேளுங்கள், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆனால் ரெஃபரன்ஸ் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை இருக்கும் இதழின் பெயரில், நம்பும்படியான தலைப்போடு உருவாக்கித் தந்துவிடும். அது தந்த எதையும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடி, திறந்து, படித்த பிறகே சேருங்கள். நோயாளியின் விவரங்களை அதில் போடவே போடாதீர்கள்.

ஆசிரியர் பட்டியல்

இதைப் பேசத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். ஐசிஎம்ஜேஇ விதிப்படி ஆசிரியர் என்றால் நான்கு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைச் சேகரிப்பதிலோ, அலசுவதிலோ குறிப்பிடத்தக்க பங்கு. எழுதுவதில் அல்லது ஆழமாகத் திருத்துவதில் பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். பிறகு, கட்டுரையில் எந்தப் பகுதி பற்றிக் கேள்வி வந்தாலும் பதில் கிடைக்கச் செய்யும் பொறுப்பு. நான்காவது 2013-ல் சேர்ந்தது. துறைத் தலைவராக இருப்பது இந்த நான்கில் இல்லை. ஆனால் துறைத் தலைவரின் பெயரைப் போடாமல் கட்டுரை அனுப்பும் தைரியம் முதல் வருடத்தில் யாருக்கும் வராது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நான் சொல்லும் வழி, கடைசியில் போய் நிற்காமல் தொடக்கத்திலேயே அவரை உள்ளே இழுப்பது. "சார், ப்ரோட்டகால் எழுதிட்டு இருக்கேன், ஸ்டடி டிசைன்ல உங்க யோசனை வேணும். இதழ்கள் எல்லாம் இப்ப யார் என்ன செஞ்சாங்கன்னு ஆளாளுக்குத் தனியா எழுதச் சொல்றாங்க, அதனால முதல்லயே பேசி வச்சுக்கலாம்னு தோணுச்சு." மரியாதை குறையாத பேச்சு, ஆனால் விதி என்ன என்பதும் அவர் காதில் விழுந்துவிடும். உண்மையில் ஈடுபடுபவர் ஈடுபடுவார். நேரமில்லை என்பவரிடம், நன்றியுரையில் குறிப்பிடட்டுமா என்று கேட்கலாம். பேசி முடித்ததை அன்றைக்கே ஒரு சின்ன மெயிலாக எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

தரவு சேகரித்த ஜூனியரையும் புள்ளியியல் கணக்குப் போட்டவரையும் விட்டுவிடுவது மறுபக்கம். திட்டு வாங்க மாட்டோம் என்பதால் இதை எளிதாகச் செய்துவிடுகிறோம். அவர்கள் செய்த வேலை முதல் நிபந்தனைக்குப் போதுமானது என்றால், எழுதுவதிலும் திருத்துவதிலும் சேர அவர்களுக்கு வாய்ப்பு தர வேண்டும் என்பதும் விதிதான்.

எண்கள்

சொற்களைத் திருடாமல் எண்களை இட்டுக்கட்டுவது இன்னும் பெரிய குற்றம், ஆனால் தொடக்கம் சின்னதாகத்தான் இருக்கும். ஏழு நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் பார்க்கவில்லை, கட்டங்கள் காலியாக இருக்கின்றன, 'மத்தவங்களுக்கெல்லாம் பதினொண்ணு பன்னெண்டுதானே' என்று நிரப்பிவிடுகிறோம். நிரப்பாதீர்கள். காலி என்றே விடுங்கள், எத்தனை காலி என்று எழுதுங்கள்.

ஜப்பானைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் யோஷிடாகா ஃபுஜி, ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலைப் பற்றி அடுக்கடுக்காகக் கட்டுரைகள் வெளியிட்டார். அவருடைய எண்கள் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கின்றன என்று ஜெர்மன் மருத்துவர்கள் மூவர் 2000-லேயே கடிதம் எழுதினார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012-ல்தான் ஜப்பானிய மயக்கவியல் சங்கம் அவருடைய 212 கட்டுரைகளை ஆராய்ந்து 172-ல் இட்டுக்கட்டல் இருந்ததாக அறிவித்தது. இடைப்பட்ட வருடங்களில் அந்தக் கட்டுரைகளைப் படித்து மருந்து தேர்ந்தெடுத்த மருத்துவர்கள் இருந்திருப்பார்கள், அந்த மேசைகளில் படுத்த நோயாளிகளும் இருந்திருப்பார்கள். கேஸ் ஷீட், லேப் தாள், ஒப்புதல் படிவம், முதலில் உள்ளிட்ட எக்செல் கோப்பு, எல்லாவற்றையும் திருத்தாமல் வைத்திருங்கள். கேட்டால் அரை மணி நேரத்தில் எடுத்துக் காட்டும்படி இருக்க வேண்டும்.

ஏற்கெனவே தவறிவிட்டீர்கள் என்றால்

சமர்ப்பிக்கும் முன்பு கண்டுபிடித்தால் வேலை எளிது, அந்தப் பகுதியை அழித்துவிட்டு மூலத்தை மூடி வைத்து மறுபடி எழுதுங்கள், கைடிடம் மறைக்காமல் சொல்லி இரண்டு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். வெளியான பிறகு தெரிந்தால், மற்ற ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டு நீங்களே இதழுக்கு எழுதுங்கள். 1997-ல் தொடங்கிய சிஓபிஇ என்ற பதிப்பு நெறிக் குழு, இதழாசிரியர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியான வரைபடங்கள் வைத்திருக்கிறது, இலவசமாகவே பார்க்கலாம், முன்கூட்டிப் படித்துக்கொண்டு போனால் பயம் பாதி குறையும். திரும்பப் பெறப்பட்ட 2,047 உயிரி மருத்துவக் கட்டுரைகளை 2012-ல் ஓர் ஆய்வு அலசியபோது, ஏறத்தாழ 21 சதவீதம் வெறும் பிழைக்காகத் திரும்பப் பெறப்பட்டவை, 10 சதவீதம் கருத்துத் திருட்டுக்காக, 43 சதவீதம் மோசடி அல்லது மோசடிச் சந்தேகத்துக்காக. தானே முன்வந்து பிழையைச் சொன்னவரை யாரும் அந்த 43-ல் வைத்துப் பார்ப்பதில்லை.

அடுத்தவர் கட்டுரையில் உங்கள் வரிகளைப் பார்த்தால் உடனே எழுதிக் கொதிக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அட்டவணையாக வைத்து, தேதிகளைக் குறித்து, இதழாசிரியருக்கு அமைதியாக ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் ஜூனியரின் டிராஃப்டில் அதைப் பார்த்தால், முதலில் அவருடைய குறிப்புக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறத்தில் கலந்து கிடந்தால், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு கட்டுரையை அவரோடு சேர்ந்து படியுங்கள், படித்ததும் மூடச் சொல்லுங்கள், எழுத விடுங்கள்.